ரிச்மண்ட் முதல் பிரெடரிக்ஸ்பர்க் வரை

எங்கள் வீட்டில் நாய் கிடையாது. குடியிருப்பு ஒப்பந்தம் அனுமதிக்காது. அனுமதித்தாலும், எதிர்வீட்டுப் பூனை படியேறினாலே என் மனைவிக்குத் தும்மல் வந்துவிடும். ஆனால் என் பழைய காரின் பின் இருக்கையைத் தட்டினால் கறுப்பு, வெள்ளை, பழுப்பு என்று எல்லா நிறத்திலும் ரோமம் பறக்கும். அவள் அந்தக் காரில் ஏறுவதே இல்லை. அமெரிக்காவின் தென் மாநிலக் காப்பகங்களிலிருந்து வடக்கே தத்துப் போகும் நாய்களையும் பூனைகளையும் சனிக்கிழமைகளில் ஏற்றிச் செல்லும் தன்னார்வ ஓட்டுநர்களில் நானும் ஒருவன். வர்ஜீனியாவில், 95ஆம் எண் நெடுஞ்சாலையில், ரிச்மண்டிலிருந்து பிரெடரிக்ஸ்பர்க் வரை என் பங்கு. அறுபது மைலுக்குச் சற்றுக் குறைவு. சாலை மனம் வைத்தால் ஒரு மணி நேரம்.

ஊரில் யாரிடமாவது இதைச் சொன்னால் இரண்டு கேள்விகள் வரும். "இதற்கு எவ்வளவு தருகிறார்கள்?" என்பது முதல் கேள்வி. ஒன்றும் தருவதில்லை. பெட்ரோலும் நம் கைக்காசு. பதிவு பெற்ற தொண்டு நிறுவனத்துக்காக ஓட்டினால், மைலுக்கு 14 சென்ட் வீதம் வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம். சொந்தத் தொழிலுக்காக ஓட்டுகிறவர்களுக்கு 2025இல் அதுவே 70 சென்ட். தொண்டுக்கான விகிதம் சட்டத்திலேயே எழுதப்பட்டிருப்பதால் 1998 முதல் அப்படியே கிடக்கிறது; நாய் ஓட்டிகளுக்காக அதைத் திருத்த எந்த நாடாளுமன்ற உறுப்பினருக்கும் நேரம் இருக்கப்போவதில்லை.

இரண்டாவது கேள்விதான் எனக்குப் பிடித்தது. "அமெரிக்காவில் தெருநாயே கிடையாதே, பிறகு எந்த நாயை ஏற்றுகிறாய்?"

தெருவில் இல்லைதான். தெருவில் தென்படும் நாயை உள்ளாட்சியின் விலங்குக் கட்டுப்பாட்டு வண்டி வந்து ஏற்றிக்கொண்டு போய்விடும். உரிமையாளர் தேடி வருவதற்காகச் சட்டம் சில நாட்கள் அவகாசம் தருகிறது. வட கரோலினாவில் குறைந்தது 72 மணி நேரம். எங்கள் வர்ஜீனியாவில் ஐந்து நாள், கழுத்தில் பட்டையோ வில்லையோ இருந்தால் இன்னும் சில நாள். அதன் பிறகு அந்த நாய் கவுண்டியின், அதாவது நம் மாவட்டம் போன்ற உள்ளாட்சியின், சொத்து. யாராவது தத்தெடுக்கலாம், ஒரு மீட்புக் குழு பொறுப்பேற்கலாம், இரண்டும் நடக்காமல் கூண்டுகளும் நிறைந்துவிட்டால் ஊசி. ஏஎஸ்பிசிஏ என்ற அமெரிக்க விலங்குநல அமைப்பின் மதிப்பீட்டின்படி 2011 வாக்கில் ஆண்டுக்கு 26 லட்சம் நாய்களும் பூனைகளும் இப்படிக் கொல்லப்பட்டன. 2019 வாக்கில் அது 9 லட்சத்து 20 ஆயிரமாகக் குறைந்தது. குறைந்த எண்ணே இது.

2025 ஆகஸ்டில் டெல்லி தெருநாய்களை எல்லாம் பிடித்துக் காப்பகத்தில் அடைக்கும்படி உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டு, பதினைந்து நாள் முடிவதற்குள் அதைத் திருத்தியபோது, எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அமெரிக்காவைப் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று ஒரே முழக்கம். என் சித்தப்பாவின் பேரன் நாய்க்கடி பட்டு ஊசி போட்டுக்கொண்டவன். அவர்களுடைய கோபம் எனக்குப் புரிகிறது, அதை எள்ளி நகையாட மாட்டேன். ஆனால் இங்கே காலை நடை போகும் தெரு அவ்வளவு சுத்தமாக இருப்பதன் மறுபக்கம், நான் சனிக்கிழமை ஏற்றுகிற கூண்டுகளில் வருகிறது. சென்னை மாநகராட்சியும் ஒரு காலத்தில் இதே வழியில் போனதுதான். 1860 முதல் தெருநாய்களைப் பிடித்துக் கொன்றுகொண்டிருந்தது. கொன்று மாளாது, கருத்தடை செய்து அதே தெருவில் விடுங்கள் என்று புளூ கிராஸ் 1964 முதல் சொல்லிவந்ததை 1996இல்தான் ஏற்றுக்கொண்டது. எது சரி என்று இங்கே தீர்ப்புச் சொல்ல வரவில்லை. அமெரிக்காவை உதாரணம் காட்டுகிறவர்கள் முழுதாகக் காட்ட வேண்டும் என்கிறேன், அவ்வளவுதான்.

தெற்கில் ஏன் மிதமிஞ்சி இருக்கின்றன, வடக்கில் ஏன் கிராக்கி? குளிர் நீளமான வட மாநிலங்களில் பல பத்தாண்டுகளாகக் கருத்தடை அறுவை பழகிவிட்டது. நாயை அவிழ்த்துவிட்டு வளர்க்க அங்கே வழியில்லை. கனெக்டிகட்டிலும் நியூ ஹாம்ப்ஷயரிலும் காப்பகத்துக்குப் போய்க் குட்டி நாய் கேட்டால் காத்திருப்போர் பட்டியலில்தான் பெயர் எழுதுவார்கள். தெற்கின் கிராமப்புறக் கவுண்டிகளில் கால்நடை மருத்துவர் எட்டாத தூரத்தில் இருக்கிறார், அறுவைக்குச் செலவு அதிகம், நாய்களும் வேலியில்லாத முற்றத்தில் திரிகின்றன. போதாக்குறைக்குக் கொசு. கொசுவால் பரவும் இதயப்புழு தெற்கத்தி நாய்களை வாட்டுகிறது. சிகிச்சை உண்டு, ஊசி போட்டுவிட்டு மாதக்கணக்கில் ஓடவிடாமல் வைத்திருக்க வேண்டும். கூண்டுக்கு இடமில்லாத காப்பகத்தில் யார் வைத்திருப்பது?

ஆக, சரக்கு ஓர் இடத்தில், வாங்குபவர் ஓர் இடத்தில். நடுவில் மயாமியிலிருந்து மேய்ன் மாநிலத்தின் கனடா எல்லை வரை சுமார் 1,900 மைலுக்கு ஒரே சாலை.

இந்தச் சாலையில் நாய்கள் வடக்கே போகத் தொடங்கி நெடுநாளாகிறது. ஆனால் 2005இல் கத்ரீனா புயல் நியூ ஆர்லியன்ஸை மூழ்கடித்தபோதுதான் நாடு திரும்பிப் பார்த்தது. மீட்புப் பேருந்தில் செல்லப்பிராணிக்கு இடமில்லை என்றார்கள். ஒரு சிறுவனிடமிருந்து ஸ்னோபால் என்ற நாயைப் பிரித்தெடுத்தபோது அவன் வாந்தியெடுக்கும் வரை அழுதான் என்ற செய்தி நாடெங்கும் பரவியது. நாயை விட்டு வரமாட்டோம் என்று தண்ணீரிலேயே இருந்துவிட்டவர்களும் உண்டு. பேரிடர்த் திட்டத்தில் செல்லப்பிராணிகளையும் சேர்க்க வேண்டும் என்று 2006 அக்டோபரில் சட்டமே வந்தது. 2008இல் தென் கரோலினாவில் 'பைலட்ஸ் என் பாஸ்' தொடங்கியது. சொந்தச் சிறு விமானம் வைத்திருப்பவர்கள் வார இறுதியில் நாய்களைப் பறக்க வைக்கிறார்கள். பெரிய அமைப்புகள் வேன் விடுகின்றன. வேனைத் தவறவிட்டவை, வேன் வராத ஊரில் இருப்பவை, ஒற்றை நாய்கள், வயதான பூனைகள் எங்களுக்கு வந்து சேர்கின்றன.

இனி வேலை. புதன் இரவு ஒருங்கிணைப்பாளரிடமிருந்து பயணப் பட்டியல் வரும். தன் வீட்டுச் சமையலறை மேசையில் உட்கார்ந்து எட்டுப் பத்து ஓட்டுநர்களைக் கோக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை அவர். வட கரோலினாவின் லம்பர்ட்டனில் காலை ஏழு மணிக்குத் தொடக்கம், ஃபேயெட்வில், ரோனோக் ரேபிட்ஸ், ரிச்மண்ட், பிரெடரிக்ஸ்பர்க், பால்டிமோர் என்று ஆளுக்கு ஒரு பங்கு. ஒவ்வோர் இடத்திலும் கைமாற்ற கால் மணி நேரம். இரவு மேரிலாந்திலோ நியூஜெர்சியிலோ ஒரு வீட்டில் தங்கல், ஞாயிறு மீதி. பயணிகள் பெயர், எடை, தடுப்பூசி விவரம், பிறகு குணக்குறிப்பு. "பிஸ்கட். ஆண். இரண்டு வயது இருக்கலாம். 46 பவுண்டு. தொப்பி அணிந்த ஆண்களைக் கண்டால் பயம்." அன்றைக்கு என் தொப்பி காரிலேயே கிடக்கும், வழுக்கையில் வெயில் அடிக்கும். பெயர்கள் காப்பக ஊழியர்கள் வைப்பது. நூற்றுக்கணக்கில் பெயர் வைத்து அலுத்துப்போனவர்கள். ஒரே ஈற்றில் பிறந்த ஐந்து குட்டிகள் செடார், மாஸரெல்லா, பார்மஸான் என்று பாலாடைக்கட்டிக் கடையாக வந்து இறங்கும்.

மாநில எல்லை தாண்ட ஒவ்வொன்றுக்கும் கால்நடை மருத்துவரின் உடல்நலச் சான்றிதழ் வேண்டும். பெரும்பாலும் முப்பது நாள் செல்லும். அந்த உறைதான் காரில் எல்லாவற்றையும்விட முக்கியமான பொருள். மாசசூசெட்ஸ் போய்ச் சேருகிறவற்றுக்கு அங்கே 48 மணி நேரம் தனிமை வாசமும் உண்டு. குட்டிகள் ஏறினால் வழியில் தரையிலேயே இறக்கக் கூடாது. குட்டிகளின் உயிரையே குடிக்கும் பார்வோ கிருமி மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும், நெடுஞ்சாலை ஓய்விடப் புல்லில் எத்தனை நாய் போயிருக்கும் என்று யாருக்குத் தெரியும்? கூண்டிலேயே போகும், கூண்டிலேயே பழைய செய்தித்தாளை மாற்றுவோம்.

கைமாற்றும் இடம் எப்போதும் ஒரே மாதிரிதான்: எக்ஸிட்டுக்கு அருகே பெட்ரோல் நிலையத்தின் பின்புறம், அல்லது பெரிய கடையின் வாகன நிறுத்துமிடத்தில் ஆளில்லாத மூலை. அங்கே நடப்பதை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் மொத்த வேலையும் அதில்தான் இருக்கிறது. கார்க் கதவுகள் எல்லாம் மூடியிருக்கும்போதே நான் பின்னால் ஏறி உட்கார்ந்து, கூண்டின் கதவை ஒரு சாண் மட்டும் திறந்து, அந்த இடைவெளியை முழங்காலால் அடைத்துக்கொண்டு, கையை உள்ளே விட்டுச் சுருக்குக் கயிற்றைக் கழுத்தில் மாட்டுவேன். கழுத்துப்பட்டையில் ஏற்கெனவே ஒரு வார் இருக்கும்; இது இரண்டாவது. இரண்டின் முனையும் மணிக்கட்டில் சுற்றிக்கொண்டாகிவிட்டது. இப்போதுதான் கார்க் கதவு திறக்கும். எதிரே நிற்பவர் தன் கயிற்றை மாட்டி, ஒருமுறை இழுத்துப் பார்த்து, "பிடித்துவிட்டேன்" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். தலையாட்டினால் போதாது. சொன்ன பிறகே என் கயிறு கழலும்.

இவ்வளவு சடங்கு எதற்கு என்றால், பயந்த நாய் பின்வாக்கில் நடந்து கழுத்துப்பட்டையை உருவிவிட்டு ஓடிவிடும். ஓடினால் அதோடு சரி. அதற்கு அந்த ஊர் தெரியாது. மூன்று நாளுக்கு முன் வைத்த பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாது. பத்தடியில் லாரிகள் எழுபது மைல் வேகத்தில் போகின்றன. எல்லா நாய்க்கும் தோலுக்கடியில் அடையாள எண் கொண்ட மைக்ரோசிப் இருக்கிறது, சரி. ஆனால் அதைப் படிக்க யாராவது முதலில் பிடிக்க வேண்டுமே.

சாலையில் ஏறிய முதல் பத்து நிமிடம் முனகல், குரைப்பு, சில சமயம் வாந்தி. அப்புறம் சக்கரச் சத்தத்துக்கு அப்படியே படுத்துவிடும். காப்பகத்தில் இரவும் பகலும் அறுபது நாய்கள் குரைத்துக்கொண்டிருக்கும். அங்கிருந்து வருபவை சத்தமில்லாத காரில் கால் நீட்டித் தூங்குகிற தூக்கம் அடித்துப்போட்டதுபோல் இருக்கும். பூனைகள் வேறு ரகம். ரிச்மண்டில் ஆரம்பித்த ஒப்பாரியைப் பிரெடரிக்ஸ்பர்க்கில் கூண்டு இறங்கும் வரை சுருதி பிசகாமல் பாடும்.

ஒரு கோடையில் அம்மா வந்திருந்தார். பேரப்பிள்ளைகள் ஏறுகிற காரில் நாயா என்று முதல் வாரம் முழுவதும் புலம்பினார். இரண்டாம் வாரம், வீட்டில் சும்மா இருக்க அலுத்துப்போய், நானும் வருகிறேன் என்று முன் இருக்கையில் ஏறிக்கொண்டார். அன்றைக்குப் பயணி, காதில் பழைய தழும்போடு ஒரு கிழட்டுப் பெண் நாய். ஆஷ்லாந்து தாண்டும்வரை அம்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பிறகு கேட்டார்: "ஏனப்பா, இதற்குக் காலையில் என்ன போட்டார்கள்?"

பயணநாளில் வெறும் வயிறுதான், இல்லையென்றால் வாந்தியெடுக்கும் என்று சொன்னேன்.

"பயணம் போகிற ஜீவனைப் பட்டினியாகவா அனுப்புவது? எந்த ஊர் வழக்கம் இது?" என்றார். அதற்கு மேல் பேச்சில்லை. பிரெடரிக்ஸ்பர்க்கில் நாயை வாங்கிக்கொள்ள வந்தவர் ஆறடிக்கு மேல் உயரமான, கை முழுக்கப் பச்சை குத்திய மனிதர். அம்மா அவரை விரல் நீட்டி நிறுத்தி, இரவு தங்குமிடத்தில் இதற்கு முதலில் சாப்பாடு, பிறகுதான் மற்றதெல்லாம் என்று தமிழிலேயே சொன்னார். நான் மொழிபெயர்க்கும் முன்பே அவர் "யெஸ் மேடம்" என்றுவிட்டார். அன்றிரவு ஒன்பதரை மணிக்கு நாய் தட்டில் தலையை விட்டுக்கொண்டிருக்கும் புகைப்படம் ஒன்று என் கைபேசிக்கு வந்தது. அம்மாவிடம் காட்டினேன். சோறு கொஞ்சம்தான் வைத்திருக்கிறார்கள் என்றார்.

2022 கோடை மறக்காது. ரிச்மண்டுக்கு மேற்கே கம்பர்லேண்டில், ஆய்வுக்கூடங்களுக்கு விற்பதற்காகப் பீகிள் நாய்களை வளர்த்த ஒரு பண்ணை இருந்தது. அங்கே நடந்த கொடுமைகள் வெளிவந்து, வழக்காகி, அங்கிருந்த சுமார் 4,000 பீகிள்களையும் அறுபது நாளுக்குள் வெளியே எடுக்க ஜூலையில் கூட்டாட்சி நீதிமன்றம் வழிசெய்தது. நாடு முழுவதுமுள்ள காப்பகங்கள் பங்கு போட்டுக்கொண்டன. பண்ணை நடத்தியவர்கள் 2024இல் குற்றத்தை ஒப்புக்கொண்டு மூன்றரைக் கோடி டாலருக்கு மேல் கட்ட உடன்பட்டார்கள். என் காரிலும் சில பீகிள்கள் வந்தன. ஒன்றுக்கும் பெயர் கிடையாது. காதின் உட்புறத்தில் பச்சை மையில் எண் குத்தியிருந்தது. ஒன்றைப் புல்லில் இறக்கினேன். நான்கு காலும் நட்ட கம்பு மாதிரி நின்றது. ஒரு காலைத் தூக்கி, பாதத்தில் ஒட்டியிருந்த புல்லைப் பார்த்தது, வைத்தது, அடுத்த காலைத் தூக்கிப் பார்த்தது. கம்பித் தளத்தைத் தவிர வேறு தரையை மிதித்ததில்லை போலும். தின்பண்டத்தை நீட்டினால் வாங்கத் தெரியவில்லை. குரைக்கவும் இல்லை.

இந்த வேலைக்கு நாய்ப் பைத்தியம் பிடித்தவர்கள் உதவமாட்டார்கள் என்பது என் கட்சி. ஒருங்கிணைப்பாளர் இதைக் கேட்டால் சிரிப்பார், ஆனால் மறுத்ததில்லை. பாவமாக இருக்கிறது, ஒருமுறை மடியில் வைத்துக்கொள்கிறேனே என்று கூண்டைத் திறப்பவர்கள் அவர்கள்தான். கைமாற்றும்போது கயிற்றை விட்டுவிட்டுச் செல்ஃபிக்குக் கை நீட்டுபவர்களும் அவர்களே. நடுவழியில் ஒருவர், இந்த நாயை நானே வைத்துக்கொள்கிறேன் என்று அழுதுகொண்டே தொலைபேசியில் சொன்னார். நாய்க்காக நியூஜெர்சியில் ஒரு குடும்பம் வேலி போட்டுவிட்டுக் காத்திருந்தது. சமாதானப்படுத்திக் காரைக் கிளப்ப வைப்பதற்குள் பின்னால் காத்திருந்த மூன்று ஓட்டுநர்களின் மாலைப்பொழுது போயிற்று. இதற்குத் தேவை, சொன்ன நேரத்துக்கு வருபவர், கதவைச் சரியாக மூடுபவர், இறக்கிவிட்டு வீட்டுக்குப் போய்விடுபவர். பள்ளிப் பேருந்து ஓட்டியவர்கள் அருமையாகச் செய்கிறார்கள். எங்களில் மிகச் சிறந்த ஓட்டுநர் ஒரு கணக்குத் தணிக்கையாளர். அவருக்கு நாய் என்றால் கொஞ்சம் பயம்கூட.

மனத்தில் உறுத்தும் ஒன்றையும் சொல்ல வேண்டும். நாயை வடக்கே அனுப்பி வைப்பது, குழாயை மூடாமல் தரையைத் துடைக்கிற வேலை. ஒரு காப்பகத்தில் சனிக்கிழமை பத்துக் கூண்டு காலியானால் புதன்கிழமைக்குள் நிரம்பிவிடும். இந்தப் பெட்ரோல் பணத்தையும் மனித உழைப்பையும் அந்தக் கவுண்டிகளில் நடமாடும் கருத்தடை மருத்துவ வண்டிக்குக் கொடுத்தால் பலன் அதிகம் என்பவர்களோடு நான் வாதாடுவதில்லை, அது உண்மை. சில குழுக்கள் இரண்டையும் செய்கின்றன. வடக்கே தத்துக் கட்டணமாக வருவதில் ஒரு பகுதி தெற்கே அறுவைக்குப் போகிறது. அப்படிச் செய்யும் குழுவுக்கு மட்டும்தான் இப்போது ஓட்டுகிறேன். வடக்கிலும் நிலைமை மாறிக்கொண்டிருக்கிறது. 2020இல் வீட்டுக்குள் அடைந்து கிடந்தவர்கள் போட்டி போட்டு நாய் எடுத்தார்கள், காப்பகங்கள் காலியாயின. இரண்டே ஆண்டில் வாடகை ஏறி, மருத்துவச் செலவு ஏறி, திருப்பிக் கொண்டுவந்து விட ஆரம்பித்தார்கள். இப்போது வடக்குக் காப்பகங்களே நிரம்பியிருக்கின்றன, தெற்கிலிருந்து வாங்குவதைக் குறைத்துவிட்டன. பட்டியலில் முன்பெல்லாம் பத்துப் பன்னிரண்டு பெயர் இருக்கும். இப்போது ஐந்தாறு. மீதிப்பேர் எங்கே என்று நான் கேட்பதில்லை. ஒருங்கிணைப்பாளரும் சொல்வதில்லை.

விருப்பமுள்ளவர்களுக்குச் சில தகவல்கள். பழைய போர்வை, காகிதத் துண்டுகள், தண்ணீர், குப்பைப் பை எப்போதும் காரில் இருக்கட்டும். குளிர்காலத்தில் இரண்டு மடங்கு. 2022 ஜனவரி பனியில் இதே சாலை பிரெடரிக்ஸ்பர்க் அருகே ஒரு நாளுக்கும் மேல் உறைந்து நின்றது. அமெரிக்க செனட்டில் எங்கள் மாநில உறுப்பினரான டிம் கெய்ன் வாஷிங்டன் போய்ச் சேர 27 மணி நேரம் ஆனது. அவர் காரில் நாய் இல்லை. முதல் பயணத்துக்குப் பூனையைக் கேளுங்கள், கூண்டைத் திறக்கவே வேண்டியிருக்காது. காதுதான் கொஞ்சம் பாடுபடும்.

கேரியிலும் ஹெர்ன்டனிலும் எடிசனிலும் நம்மவர்கள் எத்தனையோ பேர், பின் இருக்கை காலியாக, இதே சாலையில் வார இறுதியில் கோயிலுக்கும் கடைக்கும் போய்வருகிறார்கள். வரும் சனிக்கிழமைப் பட்டியலில் மூன்று நாய், ஒரு பூனை. பிரெடரிக்ஸ்பர்க்–பால்டிமோர் பங்குக்கு இதை எழுதும்வரை ஆள் கிடைக்கவில்லை. மதியம் ஒன்றே முக்காலுக்கு ஏற்ற வேண்டும், வாஷிங்டன் நெரிசலையும் சேர்த்து இரண்டு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். வியாழன் இரவு வரை பார்ப்பார்கள். வராவிட்டால் நான் பால்டிமோர் வரை ஓட்டுவதாகச் சொல்லியிருக்கிறேன். ஆனால் மாலை நான்கு மணிக்கு மகளுக்கு வயலின் வகுப்பு, அதை மனைவியிடம் இன்னும் சொல்லவில்லை.